நடுக்கோடையில் உங்க காய்கறித் தோட்டம் எப்படி இருக்கு? (என் தக்காளி பூ கொட்டுது, பூசணியில் ஆண் பூ மட்டும்)

மல்லிப்பந்தல்:

எல்லாருக்கும் வணக்கம். கோடை பாதி தாண்டியாச்சு. அவங்கவங்க தோட்டம் எந்த நிலையில இருக்குன்னு பேசலாம்னு இந்த இழையை ஆரம்பிக்கிறேன். முதல்ல என்னோடதைச் சொல்லிடறேன்.

மூணு பாத்தி, பதினோரு தொட்டி. வெண்டை ரொம்ப நல்லா இருக்கு. நெஞ்சு உயரம் வந்துடுச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறேன். தண்டுக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்குது. கத்தரி சுமார்தான். கவலை ரெண்டு விஷயத்துல.

தக்காளி ஆறு செடி. ஆள் உயரம், கரும்பச்சை இலை, பார்த்தா கண்ணு படும். கொத்துக் கொத்தா பூவும் எடுக்குது. ஆனா ரெண்டு மூணு நாள்ல பூக்காம்பு நடுவுல இருக்கிற கணு மஞ்சளாகி, விரல் பட்டாலே பூ கையோட வந்துடுது. காலையில போய்ப் பார்த்தா பாத்தி முழுக்கப் பூ உதிர்ந்து கிடக்கு. முன்னாடியே பிடிச்ச எட்டுக் காய்ல நாலு காய்க்கு அடிப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்து, உள்வாங்கி, தோல் மாதிரி ஆயிடுச்சு.

பூசணிக் கொடி வேலியைத் தாண்டி ஓடுது. தினம் பத்துப் பூ. எல்லாம் ஆண் பூ. எப்பவாவது ஒரு பெண் பூ வந்தா, அதுக்குக் கீழே இருக்கிற பிஞ்சு மூணாம் நாள் மஞ்சளாகி வெம்பிடுது.

பகல்ல 38 டிகிரி வரைக்கும் போகுது. ராத்திரியும் 26-க்குக் கீழே இறங்கலை. தினம் சாயங்காலம் கொஞ்சம் தண்ணி விடறேன். மத்தியானம் இலை துவண்டா அப்பவும் ஒரு தடவை. போன மாசம் ரெண்டு முறை உரம் வச்சேன். இன்னும் வைக்கணுமா?


பசுந்தாள்:

பூ எடுத்துக் காயாகாம கொட்டினா செடிக்குச் சத்து போதலைன்னுதான் அர்த்தம்னு நான் நினைக்கிறேன். தழைச்சத்து இருக்கிற உரமா ஒரு கை வச்சுப் பாருங்க அக்கா. அடி கறுக்கிறது சுண்ணாம்புச்சத்துக் குறைவு. முட்டை ஓட்டைப் பொடி பண்ணி வேர்ப்பக்கம் போடுங்க. எனக்கு வசந்தத்துல இது கைகொடுத்துச்சு.


மண்கை:

மல்லிப்பந்தல், உரப்பையைத் தொடாதீர்கள். பசுந்தாள் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த நேரத்தில் அது எதிர்வேலை செய்யும்.

ஆள் உயரம், கரும்பச்சை இலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பசியில் இருக்கிற செடி அப்படி இருக்காது. அதற்குத் தழைச்சத்து ஏற்கெனவே கூடுதல். மேலும் வைத்தால் இன்னும் இலைதான் விடும். இலை கூடினால் தண்ணீர்த் தேவையும் கூடும், வெயிலில் அதுவே பெரிய சுமை.

பூ உதிர்வதற்குக் காரணம் சூடு. தக்காளிப் பூவில் மகரந்தம் உருவாகும் சமயத்தில் பகல் வெப்பம் 32-35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் 24-க்குக் கீழ் வராவிட்டால் அந்த மகரந்தம் பெரும்பாலும் வீரியமில்லாமல் போய்விடும். சூல் பிடிக்காத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது. நீங்கள் பார்த்த அந்தக் கணு இருக்கிறதே, அதைச் செடியே அறுத்துவிடுகிறது. காம்பு அந்த இடத்தில் பிரிவதற்கென்றே அமைந்தது. பகலை விட இரவுச் சூடு மோசமானது என்பது என் அனுபவம். பகலில் 36 அடித்தும் இரவு குளிர்ந்த வாரங்களில் எனக்குக் காய் பிடித்திருக்கிறது.

அடி கறுப்பது சுண்ணாம்புச்சத்து சம்பந்தப்பட்டதுதான், அதில் தம்பி சொன்னது சரி. ஆனால் மண்ணில் அது இல்லாமல் போனதால் வருவது அபூர்வம். அந்தச் சத்து வேரிலிருந்து தண்ணீரோடு மட்டும்தான் மேலே ஏறும். எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே போய்ச் சேரும். இலை நிறைய ஆவியாக்குகிறது, காயின் தோல் கிட்டத்தட்ட ஆவியாக்குவதே இல்லை. ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைந்தால் காயின் பங்கு அறுந்துபோகும், காம்பிலிருந்து தொலைவில் இருக்கிற அடிப்பகுதி முதலில் செத்துவிடும். முட்டை ஓடு மட்கிக் கரைவதற்குள் இந்தக் கோடையே முடிந்துவிடும். இலைமேல் தெளித்தாலும் இலையிலிருந்து காய்க்கு அது இறங்காது.

ஆக உங்கள் இரண்டு தக்காளிப் பிரச்சினைக்கும் செய்ய வேண்டியவை தண்ணீரும் நிழலும். கறுத்த காய்களைப் பறித்து எறியுங்கள், அவை தேறாது. இனி வருவதைக் காப்பாற்றலாம்.

ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் "கொஞ்சம்" என்றால் எவ்வளவு? ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து மண்ணில் விரல் விட்டுப் பார்த்தீர்களா?


மல்லிப்பந்தல்:

இப்பதான் போய்ப் பார்த்தேன் அம்மா. நேத்து சாயங்காலம் ஊத்தினது. மேல ஒரு விரல்கணு அளவுக்குத்தான் ஈரம். அதுக்குக் கீழே புழுதி. சின்னக் கைக்கரண்டியால தோண்டினேன், ஒரு சாண் ஆழத்துல மண்ணு வெந்த மாதிரி பொடியா உதிருது. இத்தனை நாளா தினம் ஊத்தியும் வேருக்குப் போகவே இல்லை. மனசு கஷ்டமா இருக்கு.


மண்கை:

வருத்தப்படாதீர்கள், தினமும் மேலாக ஊற்றுகிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அங்கேதான் சூடு அதிகம்.

இனி விடியற்காலையில் ஊற்றுங்கள். மெதுவாக, செடியைச் சுற்றிக் கிண்ணம் போல் மண் அணைத்து, இரண்டு மூன்று தவணையாக. முதல் தவணை மேல்மண்ணை இளக்கும், அடுத்தது உள்ளே இறங்கும். முழுக்கக் காய்ந்த மண் தண்ணீரைத் தள்ளிவிடும் என்பதால் முதல் இரண்டு நாள் பொறுமை வேண்டும். ஒரு சாண் ஆழம் நனைந்ததா என்று தோண்டிப் பார்த்த பிறகே நிறுத்துங்கள். பிறகு தரைப்பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாளோ, மூன்று நாளுக்கு ஒருமுறையோ போதும். விரலை 5 செ.மீ. விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மத்தியானத் துவளலைப் பார்த்துப் பதற வேண்டாம். வேர் இழுக்கிற வேகத்தை விட இலை இழக்கிற வேகம் கூடும்போது செடி இலையைத் தொங்கப் போட்டு வெயில் படுகிற பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அதற்குக் குறையில்லை. காலையிலும் துவண்டு நின்றால்தான் தண்ணீர் இல்லை, அல்லது வேரில் ஏதோ கோளாறு.

மண்ணை மூடுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், புல் எதுவானாலும் சரி. 5 முதல் 8 செ.மீ. கனம், தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. நான் எத்தனையோ கோடையில் எத்தனையோ முயன்றிருக்கிறேன். மூடாக்கு அளவுக்குப் பலன் தந்தது வேறெதுவும் இல்லை.


கொடிக்கால்:

தக்காளிக்கு அம்மா சொல்லிட்டாங்க. பூசணிக்கு நான் வரேன்.

பூசணிக் குடும்பத்துல முதல்ல வர்றது ஆண் பூதான், அது இயல்பு. நீண்ட பகலும் கொதிக்கிற சூடும் ஆண் பூவை இன்னும் கூட்டிடும். தழைச்சத்தும் அதே வேலையைத்தான் செய்யும். உங்க தோட்டத்துல மூணும் சேர்ந்திருக்கு. கொடிக்கு மேற்குப் பக்கம் நிழல் கிடைச்சா, பக்கக்கிளை ஓட ஆரம்பிச்சா, பெண் பூ வரும்.

வந்த பிஞ்சு வெம்புறதுக்கு முக்கியக் காரணம் மகரந்தம் சேராததா இருக்கும். பூசணிப் பூ விடியும்போது திறந்து, வெயில் ஏறினதும் சுருங்கிடும். கடும் கோடையில காலை ஒன்பது மணிக்கே மூடிடும். அந்த நேரத்துக்குள்ள தேனீ வரலைன்னா அந்தப் பூவோட கதை முடிஞ்சுது. அதனால கையால சேர்த்துடுங்க.

முந்தின நாள் சாயங்காலமே மறுநாள் திறக்கப் போற மொட்டைக் கண்டுபிடிச்சு வச்சுக்கலாம். நுனி நல்லா மஞ்சளாகி, இதழ் முறுக்கு தளர்ந்து இருக்கும். விடிஞ்சதும் ஒரு ஆண் பூவைக் காம்போட பறிச்சு இதழை உரிச்சுடுங்க. நடுவுல நிக்கிற தண்டை விரலால தொட்டா மஞ்சப்பொடி ஒட்டணும். ஒட்டலைன்னா வேற பூ எடுங்க. பெண் பூவுக்குள்ள சூலகமுடி மூணு மடலா, மெழுகு பூசின மாதிரி பளபளன்னு இருக்கும். அந்த மூணு மடல்லயும் படுற மாதிரி மெதுவா ஒத்தி எடுங்க. ஒரு மடல்ல மட்டும் பட்டா காய் கோணலா வளரும், பாதியில நின்னும் போகும். நான் ஒரு பெண் பூவுக்கு ரெண்டு ஆண் பூ எடுத்துக்கறேன்.

நாலு நாள்ல தெரிஞ்சுடும். பிடிச்ச பிஞ்சோட காம்பு கீழ்நோக்கி வளைஞ்சு தடிக்க ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, எல்லாக் கொடியும் ஒரே நேரத்துல பூக்காது. பாகல் காலையில. சுரையும் பீர்க்கும் புடலையும் சாயங்காலம் திறக்கும். நான் பல வருஷம் சுரைக்கொடியைக் காலையில போய்ப் பார்த்துட்டு பூவெல்லாம் வாடிக் கிடக்கேன்னு குழம்பியிருக்கேன். ஒருநாள் பொழுது சாயற நேரம் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தேன். வெளிச்சம் மங்கிட்டு வரும்போது முறுக்கின மொட்டு ஒண்ணு கண்ணு முன்னாடியே தளர்ந்து, அஞ்சு இதழும் கசங்கின துணி மாதிரி விரிஞ்சு, அரை மணியில தட்டையா நின்னுச்சு. அதுக்குள்ள அந்துப்பூச்சிங்க வந்துட்டாங்க. சுரைப்பூ ஏன் வெள்ளைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.


ஏழாம்தொட்டி:

அக்கா, அண்ணா, எனக்கு இடமே கிடையாது. மொட்டைமாடியில தொட்டியும் பையும் மட்டும்தான். கத்தரி, மிளகாய், கொத்தவரை வச்சிருக்கேன். கத்தரி இலையெல்லாம் மேல்பக்கம் பொடிப்பொடியா வெளுத்து, தூசி படிஞ்ச மாதிரி இருக்கு. தொடைச்சாலும் போகலை. கீழ்ப்பக்கம் ஏதோ மெல்லிசா நூலாம்படை. மிளகாய்ல நுனி இலை சுருளுது. தண்ணி ரெண்டு வேளை விடறேன்.


மண்கை:

தம்பி, ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரி இலைக்குக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அது செம்பேன். சூடும் வறட்சியும் அதற்கு வேண்டிய காலம், முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஒரு வாரம் போதும். அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த செடி திடீரென்று வெளுத்ததுபோல் தோன்றும்.

முதல் மருந்து தண்ணீர்தான். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சியடித்துக் கழுவுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வாரம். மிகவும் கெட்டுப்போன இலைகளைக் கிள்ளி மூடிய பையில் போட்டுவிடுங்கள். பிறகும் இருந்தால் ஒரு லிட்டருக்கு 3-5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டுச் சோப்பு நீர். வெயில் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் எண்ணெய் பட்ட இலை கருகும். முதலில் இரண்டு இலையில் அடித்து, மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செய்யுங்கள்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது? மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டால் சிலந்திப்பேன்.


ஏழாம்தொட்டி:

தட்டினேன் அம்மா. தாள்ல எள்ளுல பாதி கூட இல்லாத புள்ளிங்க, அஞ்சாறு நொடி சும்மா இருந்துட்டு மெதுவா நகர ஆரம்பிச்சுது. விரலால தேய்ச்சா செம்மண் நிறத்துல கோடு விழுது. இவ்வளவு நாள் தூசின்னு நினைச்சேன். மிளகாய் மேல்நோக்கி மடிஞ்சிருக்கு, அப்போ இலைப்பேன்.


கொடிக்கால்:

தம்பி, தொட்டி கறுப்பு நிறமா? மத்தியானம் தொட்டியோட மேற்குப் பக்கத்துல கையை வச்சுப் பாரு. உன் கையால தாங்க முடியலைன்னா உள்ளே அந்தப் பக்கத்து வேரும் வெந்துட்டு இருக்கு. தண்ணி ரெண்டு வேளை விட்டும் செடி சோர்ந்து நிக்கிறதுக்கு இதுதான் காரணம்னு பல பேருக்குத் தெரியறதில்லை. தொட்டிங்களை நெருக்கி வை, ஒண்ணோட நிழல் இன்னொண்ணு மேல விழணும். வெளிவரிசையைச் சாக்கு சுத்திக் கட்டு. தளத்துல நேரா வைக்காம ரெண்டு செங்கல் மேல தூக்கி வை. சூடான குழாய்ல முதல்ல வர்ற தண்ணியைச் செடிக்கு விடாதே, அதைத் தளத்துல கொட்டிட்டுப் பிறகு பிடி.


பசுந்தாள்:

மண்கை அம்மா, உரம் பத்திச் சொன்னதை நேத்து யோசிச்சுட்டே இருந்தேன். வசந்தத்துல உரம் வச்சுக் காய் பிடிச்சதுன்னு சொன்னேனே, அப்ப வெப்பமே 28 தான். செடிக்கு அப்ப உரம் வேணும்னு இருந்தது, வச்சேன், எடுத்துக்கிச்சு. இப்ப நான் சொன்னதைக் கேட்டு யாராவது வச்சுடாதீங்க. அக்கா, நீங்க வைக்கலையே?

ஒரு சந்தேகம். காய் பிடிச்ச தக்காளி எனக்கும் இருக்கு. ஆனா பழுக்கவே மாட்டேங்குது, மஞ்சள் கலந்த ஆரஞ்சுல நின்னுடுது. இது ரகமா, நோயா?


மண்கை:

இரண்டும் இல்லை தம்பி. தக்காளிக்குச் சிவப்புத் தரும் நிறமி 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது, மஞ்சள் நிறமி உருவாகும். அதனால் அந்த ஆரஞ்சு. காயின் நுனியில் லேசாக நிறம் மாறும்போதே பறித்து வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். 20-25 டிகிரியில் நன்றாகச் சிவக்கும். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். பழுக்க வேண்டியது சூட்டில் இல்லை. சீக்கிரம் பறித்தால் செடிக்கும் பாரம் குறையும், தோல் வெயிலில் வெந்து வெளுப்பதும் தவிரும்.


மல்லிப்பந்தல்:

வைக்கலை தம்பி, கவலைப்படாதீங்க. பெரிய மனசோட வந்து எழுதினீங்க.

ஒன்பது நாள் ஆச்சு, நிலவரம் சொல்றேன். முதல் ரெண்டு நாள் தண்ணி உள்ளே போகவே இல்லை, அம்மா சொன்ன மாதிரியே ஓடி ஒதுங்குச்சு. மூணாம் நாள்தான் ஒரு சாண் ஆழம் நனைஞ்சுது. காய்ஞ்ச இலையை மூடாக்காப் போட்டேன். தக்காளிப் பாத்திக்கு மேற்குப் பக்கம் 35 சதவீத நிழல்வலையைச் சரிவா கட்டியிருக்கேன், மதியம் வரைக்கும் நேர் வெயில், அப்புறம் நிழல். இன்னைக்கு மூடாக்கை விலக்கி மண்ணுல கையை வச்சேன். வெளியே கொதிக்குது, இதுக்குள்ள கைக்குக் குளுமையா இருக்கு. ரெண்டு மண்புழு பார்த்தேன். இந்தக் கோடையில இதுதான் முதல் தடவை.

பூ இன்னும் கொட்டுது. ஆனா எல்லாம் இல்லை. ஒரு கொத்துல ரெண்டு பூ வாடாம நிக்குது. இது காயா மாறுமான்னு எப்படித் தெரியும்?


மண்கை:

இதழ் காய்ந்து சுருங்கியும் காம்பு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. உள்ளே குண்டூசித் தலை அளவில் பச்சை தெரியும். இனி காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்துக் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிக்குத் தன் மகரந்தமே போதும், அது குழாய்க்குள் இருப்பதால் அதிர்வு வேண்டும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு உலுக்கும். தேனீக்கு அந்த வித்தை இல்லை.

ஆனால் ஒன்று. 38 டிகிரி தொடரும்வரை முழுக்காய்ப்பை எதிர்பார்க்காதீர்கள். செடியை உயிரோடும் நலத்தோடும் வைத்திருந்தால், வெப்பம் இறங்கிய பிறகு அதே வேரிலிருந்து மறுபடி பூக்கும். நான் நடுக்கோடையில் பறித்த காயை எண்ணுவதில்லை. செடி எப்படி நிற்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.


வேர்வாசம்:

இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு.

அம்மா "காலையிலும் துவண்டு நின்றால்" அப்படின்னு எழுதினதைப் படிச்சதும் என் தக்காளி ஞாபகம் வந்துச்சு. நாலு செடி, காலையிலயும் சோர்ந்துதான் நிக்கும். மண்ணு ஈரமாத்தான் இருக்கு. நேத்து ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க முடிச்சு முடிச்சா, மணி கோர்த்த மாதிரி. பக்கத்துல வெண்டையும் அப்படித்தான். விதையிலிருந்து நான் வளர்த்த செடிங்க. பிடுங்கி வச்சுட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவரையில இருக்கிற வேர்முடிச்சு நல்லதுன்னு படிச்சிருக்கேன், இது எது?


கொடிக்கால்:

தங்கச்சி, இது நூற்புழு, வேருக்குள்ள புகுந்து வாழ்ற கண்ணுக்குத் தெரியாத புழு. அவரை, தட்டைப்பயறுல இருக்கிற நல்ல முடிச்சு வேர் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், நகத்தால தள்ளினா உதிரும், நசுக்கினா உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு வேரே வீங்கினது, உதிராது. அதுக்குள்ள தண்ணி போற பாதை சிதைஞ்சு போயிருக்கும், எவ்வளவு ஊத்தினாலும் செடிக்கு ஏறாது. உங்க கவனிப்புல குறை இல்லைம்மா.

பிடுங்கின செடியை உரக்குழியில போடாதீங்க. வேரை ஒண்ணுவிடாம எடுத்து நல்லாக் காய வச்சு அப்புறப்படுத்துங்க. அந்தப் பாத்திக்கு இந்த வெயிலே வைத்தியம். மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, நல்லா நனைச்சு, நிறமில்லாத தெளிவான பாலிதீன் தாளை மண்ணோட ஒட்டி விரிச்சு, ஓரமெல்லாம் மண் போட்டு அடைச்சுடுங்க. காத்து புகக்கூடாது. 4 முதல் 6 வாரம். கறுப்புத் தாள் அந்த அளவுக்குச் சூடேத்தாது. மேல்மண்ணுல இருக்கிற புழுவும் களைவிதையும் பெரும்பாலும் செத்துடும். ஆழத்துல இருக்கிறது தப்பிக்கும், அதனால எடுத்த பிறகு அடி வரைக்கும் புரட்டிடாதீங்க. அடுத்த போகத்துக்கு அங்கே தக்காளி, கத்தரி, வெண்டை வேண்டாம். செண்டுமல்லியை நெருக்கமா நட்டு, ஒரு பருவம் விடுங்க. குளிர்ந்த மாசத்துல இந்த வேலையைச் செய்ய முடியாது. உங்க பாத்தி காலியானது சரியான நேரத்துல.


வேர்வாசம்:

நன்றி அண்ணா. நாளைக்கே தாள் விரிக்கிறேன். நாலு தொட்டியில புது மண்ணுல தக்காளி நாத்து போட்டா இப்ப சரியா வருமா?


மண்கை:

இப்போது விதைத்தால் நாற்று நடும் பருவத்துக்கு வர 25-30 நாள் ஆகும், அதற்குள் வெயில் கொஞ்சம் தணியும். மிளகாய்க்கு 40 நாள் வைத்துக்கொள்ளுங்கள். நாற்றுத்தட்டை நிழலில் வையுங்கள். பழைய பாத்தி மண் ஒரு பிடி கூடக் கலக்க வேண்டாம், கைக்கரண்டியையும் கழுவிவிட்டு எடுங்கள்.


மல்லிப்பந்தல்:

இருபத்தி மூணாம் நாள். கொடிக்கால் அண்ணா சொன்ன மாதிரி முந்தின சாயங்காலமே மொட்டைப் பார்த்து வச்சு, நூல் கட்டி அடையாளம் பண்ணி, விடியக்காலை அஞ்சரைக்குப் போய்ச் சேர்த்தேன். பக்கக்கிளையில அஞ்சு பெண் பூ வந்துச்சு. ரெண்டு வெம்பிடுச்சு. மூணு பிடிச்சிருக்கு. மூத்தது இப்ப என் ரெண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற அளவு. காம்பு வளைஞ்சு தடிக்கிறதை அண்ணா எழுதினபடியே பார்த்தேன். தினம் ரெண்டு தடவை போய்த் தொட்டுட்டு வரேன்.

தக்காளியில பதினாலு காய். அடி கறுத்தது ஒண்ணே ஒண்ணு, அது பழைய கொத்துல இருந்தது. ராத்திரி 23-க்கு இறங்கி நாலு நாள் ஆகுது. நிழல்வலையை எப்ப எடுக்கணும் அம்மா?


மண்கை:

பகல் வெப்பம் தொடர்ந்து ஒரு வாரம் 32-க்குக் கீழே நின்ற பிறகு. ஒரேயடியாக அவிழ்க்காதீர்கள், நிழலில் வளர்ந்த காய்த்தோல் வெந்துவிடும். மேகமூட்டமான நாளாகப் பார்த்து முதலில் பாதி சுருட்டிவிடுங்கள், மீதியை நாலைந்து நாள் கழித்து. மூடாக்கை எடுக்க வேண்டாம், அது அப்படியே மட்கட்டும். பூசணிப் பிஞ்சுக்கு அடியில் ஒரு ஓடோ, வைக்கோல் மெத்தையோ வையுங்கள், ஈர மண்ணில் படுத்தால் அடி அழுகும்.


மல்லிப்பந்தல்:

சரிம்மா. வைக்கோல் வச்சுட்டேன்.